மூன்றாவது ஆள் ஒரு பெட்டி

மே 12, 2023

ஜூன் 9 அன்று காட்ஃப்ளெஷ் குழுவின் புது ஆல்பம் வருகிறது. பெயர் 'பர்ஜ்'. இன்னும் நான்கு வாரம் இருக்கிறது. அதற்குள் முதல் இசைத்தட்டிலிருந்து வரிசையாகக் கேட்டு, தோன்றியதை இங்கே எழுதிவைக்க உத்தேசம். தினமும் எழுதுவேன் என்று சத்தியமெல்லாம் செய்யவில்லை.

தெரியாதவர்களுக்கு: இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் ஊர்க்காரர்கள், வாசிப்பது இண்டஸ்ட்ரியல் மெட்டல். கிட்டாரும் குரலும் ஜஸ்டின் பிராட்ரிக். பேஸ் கிட்டார் ஜி.சி. கிரீன். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது, ஒரு டிரம் மெஷின்தான். 1988-இல் தொடங்கி, 2002-இல் கலைந்து, 2010-இல் திரும்பி வந்தார்கள். இடையில் இரண்டு ஆல்பங்களில் மட்டும் அந்தப் பெட்டிக்குப் பதிலாக மனிதரை உட்காரவைத்துப் பார்த்தார்கள். அந்த இரண்டிலும் என்ன ஆயிற்று என்பதைத்தான் இந்தத் தடவை கூர்ந்து கேட்கப் போகிறேன்.

மே 14

முதல் ஆல்பத்துக்கு முன்னால் கொஞ்சம் பூர்வீகம்.

பிராட்ரிக் பிறந்தது 1969-இல். விவரம் தெரியாத வயதில் ஒரு ஹிப்பி கம்யூன், அப்புறம் பர்மிங்ஹாமின் ஷார்ட் எண்ட் பகுதியில் நகராட்சி கட்டிக்கொடுத்த குடியிருப்பு. அந்த ஊரைப் பற்றிப் பேசினால் பிளாக் சபாத் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி தகடு வெட்டும் தொழிற்சாலையில் விரல் நுனிகளை இழந்த கதையைச் சொல்லாமல் யாரும் நகர மாட்டார்கள். நானும் சொல்லிவிட்டேன். ஆனால் இரண்டு தலைமுறைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அயோமி காலத்தில் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. பிராட்ரிக் பள்ளிக்கூடம் முடிக்கும்போது அவை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. இந்த வகை இசைக்கு 'இண்டஸ்ட்ரியல்' என்ற பெயரே 1976-இல் த்ராபிங் கிரிசில் குழுவினர் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்திலிருந்து வந்ததுதான். காட்ஃப்ளெஷ் இசையை ஆலை ஓடும் சத்தம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஆள் யாரும் இல்லாத ஆலையில் ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரமாகத்தான் கேட்கிறது.

பிராட்ரிக் முதலில் பெயர் வாங்கியது நேபாம் டெத் என்ற அதிவேகக் குழுவில். 'ஸ்கம்' ஆல்பத்தின் முதல் பக்கத்தில் கிட்டார் அவருடையது. 1986-இல் பதிவானபோது அவருக்கு வயது பதினேழைத் தொட்டும் தொடாமலும். ஆல்பம் வெளிவந்த 1987-இல் அவர் அந்தக் குழுவில் இல்லை. ஒரே தட்டின் இரண்டு பக்கங்களிலும் வாசித்த ஒரே ஆள் டிரம்மர் மிக் ஹாரிஸ், மின்னல் வேகக்காரர். அவர் பக்கத்தில் நின்று கிட்டார் வாசித்தவர்தான் பின்னால் ஆமை வேகத்துக்கு ஒரு மெஷினை வாங்கினார்.

இதைவிட வேடிக்கை, பிராட்ரிக்கே டிரம்மர். நேபாம் டெத்தை விட்டுப் போனது ஹெட் ஆஃப் டேவிட் குழுவில் டிரம்ஸ் வாசிக்க. கிரீனோடும் பால் நெவிலோடும் இருந்த ஃபால் ஆஃப் பிகாஸ் குழுவிலும் டிரம்ஸ்தான். தனக்குத் தெரிந்த வேலையைத்தான் அவர் பெட்டியிடம் ஒப்படைத்தார்.

மே 17

முதல் ஈ.பி. (ஆல்பத்தைவிடச் சின்னத் தட்டு) 1988-இல் வந்தது. பெயரும் 'காட்ஃப்ளெஷ்'தான். அதைக் கேட்ட சூட்டோடு 1989-இன் 'ஸ்ட்ரீட்கிளீனர்'. நாட்டிங்ஹாமின் இயரேக் நிறுவனம் வெளியிட்டது. அட்டையில் நெருப்புப் பின்னணியில் சிலுவைகள். கென் ரஸ்ஸலின் 'ஆல்டர்ட் ஸ்டேட்ஸ்' படத்திலிருந்து எடுத்த ஒரு காட்சி.

இன்று மூன்று முறை கேட்டேன். கழுத்து வலிக்கிறது.

பெட்டி எது என்றால் அலெசிஸ் எச்ஆர்-16. 1987-இல் சந்தைக்கு வந்தது. நிஜ டிரம்ஸ் ஒலிகளை 16 பிட்டில் பதிந்து உள்ளே வைத்திருக்கும். பட்டனை எவ்வளவு அழுத்தித் தட்டுகிறோமோ அவ்வளவு சத்தம். மனிதர் வாசித்தது போலவே இருக்க வேண்டும் என்று கொண்டுவந்த கருவி. இவர்கள் அதை வாங்கி, மனிதர் வாசித்தது போல இருக்கவே கூடாது என்று பயன்படுத்தினார்கள். 'லைக் ராட்ஸ்' தொடங்கும்போது கிக்கும் ஸ்னேரும், அதாவது காலால் அடிக்கும் பெரிய டிரம்மும் குச்சியால் அடிக்கும் சின்ன டிரம்மும், விழுகிற விதத்தைக் கேளுங்கள், பைல் அடிக்கும் இயந்திரம் மாதிரி. உருட்டலோ அலங்காரமோ கிடையாது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் மயிரிழை மாற்றம் இல்லை.

நல்ல டிரம்மர்கள்கூடப் பாட்டு உச்சத்துக்குப் போகும்போது கொஞ்சம் ஓடுவார்கள். நம்மூர்க் கச்சேரி பாஷையில், காலப்பிரமாணம் ஆடும். இங்கே பிராட்ரிக் தொண்டை கிழியக் கத்துகிறார், கிட்டார் ஃபீட்பேக் கட்டறுத்துக்கொண்டு அலைகிறது, கிரீனின் பேஸ் சரளைக்கல்லை அரைப்பது போல அடியில் கரகரக்கிறது. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் நடுவில் பெட்டி மட்டும் அசையவில்லை. பயமே அங்கேதான்.

பெட்டி என்றால் விறைப்பு என்று மட்டும் நினைக்கக் கூடாது. 'கிரைஸ்ட்பெய்ட் ரைசிங்' பாடலின் அடி தனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பிராட்ரிக் கைகாட்டுவது எரிக் பி. அண்ட் ரக்கிம் பக்கம், ஹிப்-ஹாப். அது தெரிந்த பிறகு கேட்டால் தலை வேறு மாதிரி ஆடுகிறது. மெட்டல் கேட்பவர்கள் முன்னும் பின்னும் ஆட்டுவோம் இல்லையா, இது பக்கவாட்டில் ஆடவைக்கிறது.

மே 18

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, கல்லூரிக் காலத்தில் என்னோடு வாசித்த டிரம்மர் நண்பன் போன் செய்தான்.

"என்னடா, ஒரு டிரம்மர் வயித்துல அடிச்சிருக்கானுங்க, அதுக்கு நீ பாயிரம் பாடிட்டு இருக்க?"

"அவரே டிரம்மர்தான்டா."

"அது இன்னும் மோசம்."

'ஸ்ட்ரீட்கிளீனர்' கேட்டானா என்றேன். கேட்டானாம், பாதி. "ஸ்னேரு தகர டப்பா மாதிரி இருக்கு" என்றான். அவன் சொன்னது தப்பில்லை.

மே 23

நான்கு நாள் வேலை நெட்டி வாங்கிவிட்டது. அந்த இடைவெளியில் 1991-இன் 'ஸ்லேவ்ஸ்டேட்', அப்புறம் 1992-இன் 'பியூர்'. 'ஸ்லேவ்ஸ்டேட்'டில் டெக்னோ என்ற மின்னணு நடன இசையின் வாசனை தூக்கல். ஒரு தடவை போதும்.

'பியூர்' அப்படியில்லை. லூப் குழுவின் ராபர்ட் ஹாம்ப்சன் சில பாடல்களில் கிட்டார் வாசித்திருக்கிறார். முன்பு இருந்த அழுக்கு குறைந்து, பெட்டியின் ஒலி பளிச்சென்று முன்னால் வந்துவிட்டது. 'மோத்ரா' பாடலில் கிட்டார்தான் பின்னணி, தாளம்தான் பாட்டு. கடைசியில் 'பியூர் II' என்று இருபது நிமிடத்துக்கு மேல் ஒரு வெறும் முனகல். விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன், பாதியில் தூங்கிவிட்டேன். குறையாகச் சொல்லவில்லை.

இதே தொண்ணூறுகளில் ஃபெய்த் நோ மோர் குழு, கிட்டார்காரர் ஜிம் மார்ட்டின் விலகிய இடத்துக்கு பிராட்ரிக்கைக் கூப்பிட்டது. அவர் போகவில்லை. அன்று போயிருந்தால் பணம் வந்திருக்கும், இந்த நாட்குறிப்பு வந்திருக்காது.

மே 26

'செல்ஃப்லெஸ்', 1994. அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் கைகொடுத்த ஆல்பம். அட்டையில் மைக்ரோசிப் மேல் படர்ந்து வளரும் நரம்பணுக்கள். இந்தக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான படம் அமையாது, சதையும் சில்லும் ஒரே சட்டத்தில். 'க்ரஷ் மை சோல்' பாடலின் வீடியோவை எடுத்தவர் ஆந்த்ரெஸ் செரானோ, சிறுநீரில் மூழ்கிய சிலுவைப் புகைப்படத்தால் அமெரிக்க செனட்டையே கொதிக்கவைத்த அதே ஆள். பெரிய நிறுவனம் பணம் கொடுத்தால் மற்றவர்கள் கொஞ்சம் பவுடர் பூசிக்கொள்வார்கள். இவர்கள் செரானோவைக் கூப்பிட்டார்கள். கடைசிப் பாடல் இருபது நிமிடத்தைத் தாண்டுகிறது, வானொலியில் போட வழியே இல்லை. கொலம்பியாவோடு உறவு நீடிக்கவில்லை என்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

மே 30

இன்று நண்பனை வீட்டுக்கே கூப்பிட்டுவிட்டேன். 1996, 'சாங்ஸ் ஆஃப் லவ் அண்ட் ஹேட்'. முதன்முதலாக ஒரு மனித டிரம்மர், பிரையன் மான்டியா. 'பிரெய்ன்' என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். பிரைமஸ், பின்னால் கன்ஸ் என் ரோசஸ் வரை போனவர்.

'வேக்' தொடங்கிய பத்தாவது விநாடியில் நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இப்பத்தான்டா மூச்சு வருது பாட்டுக்கு."

உண்மைதான். ஸ்னேரில் மெல்லிய விரலாட்டம் போலக் குட்டிக் குட்டி அடிகள், ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத்தட்டு திறந்து மூடும் சுகம். நல்ல ஆல்பம், இதை மறைக்க மாட்டேன். ஆனால் ஒன்று கவனித்தேன். பிராட்ரிக் குரலை உயர்த்தினால் டிரம்ஸும் உயர்கிறது, அவர் தணிந்தால் அதுவும் தணிகிறது. மனிதர் என்றால் இசைந்து கொடுப்பார். இதுவரை கேட்ட ஆல்பங்களில் இருவரும் முட்டி மோதிய சுவர் இங்கே அவர்களோடு சேர்ந்து நடக்கிறது. பாட்டு இனிக்கிறது, பயம் குறைந்துவிட்டது.

நண்பனிடம் சொன்னேன். "உனக்குப் பயந்துக்கத்தான் பாட்டு வேணுமா?" என்றான். பதில் வரவில்லை எனக்கு.

அடுத்த வருடமே அந்தப் பாடல்களை எடுத்து 'லவ் அண்ட் ஹேட் இன் டப்' என்று கலைத்துப்போட்டார்கள். மனிதர் வாசித்ததை மறுபடி வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும் துண்டுகளாக ஆக்கியாயிற்று.

ஜூன் 1

'அஸ் அண்ட் தெம்', 1999. பெட்டி திரும்பிவிட்டது, கூடவே டிரம் அண்ட் பாஸ் என்ற வேகமான மின்னணுத் தாள இசையின் மோகமும். பிராட்ரிக்குக்கே இந்த ஆல்பம் பிடிக்காது. எனக்கு அவ்வளவு கோபம் இல்லை, மறுபடி கேட்க ஆசையும் இல்லை.

ஜூன் 3

இதை எழுதத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

'ஹிம்ஸ்', 2001. டிரம்ஸில் டெட் பார்சன்ஸ். ஸ்வான்ஸ் குழுவிலும் பிராங் குழுவிலும் இருந்தவர். ஸ்வான்ஸ் இல்லாமல் காட்ஃப்ளெஷ் இல்லை. அந்த மெதுநடைப் பேரிடியை முதலில் காட்டிக்கொடுத்தவர்கள் அவர்கள்தான். அங்கே வாசித்தவரே வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்க வேண்டும்! ஆனால் பதின்மூன்று பாடல்களும் சலவைக்குப் போட்டு எடுத்த சட்டை மாதிரி. 'ஆன்டிஹியூமன்' என்று பெயர் வைத்த பாடலுக்கு மனிதர் வாசித்திருப்பதை நினைத்துக் கொஞ்சம் சிரித்துக்கொண்டேன்.

அதன் பிறகு சிரிக்க ஒன்றுமில்லை. கிரீன் விலகினார். முதல் நாளிலிருந்து கூட இருந்தவர். அவர் இடத்துக்குக் கில்லிங் ஜோக் குழுவின் பால் ரேவன் வந்தார். 2002-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில் பிராட்ரிக்கின் மனம் உடைந்துவிட்டது, அவர் கிளம்பவே இல்லை. பயணம் ரத்து. குழுவும் அத்தோடு முடிந்தது. ரேவன் 2007-இல் இறந்துவிட்டார்.

இதற்கெல்லாம் மனித டிரம்மர்தான் காரணம் என்று நான் எழுதினால் அது அபாண்டம். 'ஹிம்ஸ்' ஆல்பத்தின் கடைசிப் பாடல் 'ஜீசு'. அந்தப் பெயரையே அடுத்த குழுவுக்கு வைத்தார் பிராட்ரிக். மெதுவான, கண்ணீர் கோத்த, ஏறக்குறைய அழகான இசை. அங்கேயும் டிரம்ஸ் வாசித்தது இதே பார்சன்ஸ்தான், அற்புதமாக வாசித்தார். ஆறுதல் சொல்லும் இசைக்கு இசைந்து கொடுக்கிற கை வேண்டும். காட்ஃப்ளெஷ் ஆறுதல் சொல்வதற்காகத் தொடங்கிய குழு அல்ல.

மே 30 அன்று நண்பனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். நான்கு நாள் தாமதம்.

ஜூன் 6

2010-இல் பிரான்சின் ஹெல்ஃபெஸ்ட் விழாவில் பிராட்ரிக்கும் கிரீனும் மறுபடி மேடை ஏறினார்கள். இருவர் மட்டும், கூட மெஷின். அடுத்த வருடம் நெதர்லாந்தின் ரோட்பர்ன் விழாவில் 'ஸ்ட்ரீட்கிளீனர்' முழுவதையும் வாசித்தார்கள். அந்தப் பதிவு 2013-இல் தட்டாக வந்தது.

புது ஆல்பத்துக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது. 'எ வேர்ல்ட் லிட் ஒன்லி பை ஃபயர்', 2014, 'ஹிம்ஸ்' முடிந்து பதின்மூன்று வருடம் கழித்து. பிராட்ரிக்கின் சொந்த நிறுவனமான அவலாஞ்ச் ரெக்கார்டிங்ஸ் வெளியீடு. பழையபடி ஒரு சுவர், அதில் இருவர் மோதுகிறார்கள். பழகிய வலி என்பதால் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. 2017-இன் 'போஸ்ட் செல்ஃப்' எனக்கு இன்னும் பிடிக்கும். அதில் மெட்டலைவிட ஆரம்பகால இண்டஸ்ட்ரியலும் போஸ்ட்-பங்க்கும் அதிகம். குரல் எங்கோ கிணற்றடியிலிருந்து வருகிறது.

ஜூன் 9

வந்துவிட்டது. எட்டே பாடல்கள். ஆங்கிலத்தில் எழுதினால் தலைப்பிலேயே (Purge) 'பியூர்' (Pure) ஒளிந்திருக்கிறது, 1992-இன் அந்த ஹிப்-ஹாப் நடையைத் தெரிந்தேதான் திரும்ப எடுத்திருக்கிறார்கள். முதல் பாடல் 'நீரோ'. ஒரு சுற்று சுற்றி நிற்காமல் திரும்பத் திரும்ப வரும் அடி, மேலே இரண்டு சுரத்துக்குள் உறுமும் கிட்டார். ஆல்பத்தைப் பற்றி விரிவாக எழுத இன்னும் பத்துத் தடவையாவது கேட்க வேண்டும். இன்று எழுதினால் அது வெறும் உற்சாகமாகத்தான் இருக்கும்.

மாலையில் நண்பன் கூப்பிடாமலே வந்தான். 'லேண்ட் லார்ட்' ஓடும்போது பேசாமல் மேசையில் தாளம் தட்ட ஆரம்பித்தான். முதலில் ஒரு விரல், அப்புறம் இரண்டு கையும். நான் பார்க்காத மாதிரி இருந்தேன். மூன்றாவது பாடலில் நடுவே நிறுத்திவிட்டு மணிக்கட்டைப் பிடித்துவிட்டுக்கொண்டான்.

"கை வலிக்குதுடா."

"நிறுத்திடவா?"

"வேணாம், ஓடட்டும்" என்றான்.