கிழக்குக் கரை

ஜூலை 16
நொய்யல் தண்ணி ராத்திரியே வாய்க்கால் வழியாகக் குளத்தில் இறங்கிவிட்டது. மேற்கு ஓரத்தில் நட்ட மூங்கில் குச்சிகளில் மூன்று முழுகியாச்சு. அங்கே தரை நூறடிக்கு ஓரடிதான் சரிவு. மட்டம் ஓரடி ஏறினால் தண்ணி நூறடி தள்ளிப் போய் நிற்கும். கரைப்பக்கம் ஒன்றுக்கு இரண்டு சரிவு, அதே ஓரடி இரண்டடியில் அடங்கிவிடும். ஏற்றம் பார்க்க மேற்கே போகணும், பயப்பட கிழக்கே.

ஜூலை 18
ஆடி 2. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. அம்மி பறந்து பார்த்ததில்லை, கரைக்கல் பெயர்வதைத் தினமும் பார்க்கலாம். நிலம் கிழக்கே சாய்வதால் கரையும் கிழக்கே. அலை மொத்தமும் அதன் மேல்தான். ஒரு கல் உருண்டால் பின்னாலிருக்கும் மண்ணை அலை உருவி எடுக்கும், மேல்கல் தானாக இறங்கும். வெறும் மண்ணில் திரும்பச் செருகினால் நிற்காது. அடியில் அரையடி சல்லி, கல்லின் நீளப்பக்கம் கரைக்குள்.

ஜூலை 19
ஆகாயத்தாமரை எல்லாம் கிழக்கே ஒதுங்கிக் கிடக்கிறது. அலையை அடக்குகிறது, சனியன், கரையிலுள்ள நண்டு, எலி வளைகளையும் மறைக்கிறது.

ஜூலை 21
மதகுக்குத் தெற்கே, வெட்டிய சீமைக்கருவேலங்கட்டைக்கு நேர் கீழே, வெளி அடிவாரத்தில் ஈரம். முறத்தளவு.

ஜூலை 22
இரண்டு முறம்.

ஜூலை 24
கசிவேதான். சொம்பில் பிடித்து அரைமணி வைத்தேன், அடியில் ஒன்றும் படியவில்லை. தெளிந்து வந்தால் பொறுக்கலாம். கலங்கி வந்தால் கரையின் உள்மண்ணே வெளியேறுகிறது என்று அர்த்தம். மரத்தை வெட்டினவர்கள் வேரை விட்டுவிட்டார்கள். வேர் மக்கினால் அந்த இடம் குழாய். நண்டு வளை, எலி வளையும் அப்படித்தான். வருகிறவர்கள் எல்லாம் 'களிமண்ண அப்பி அடச்சுருங்க' என்கிறார்கள். வெளிவாயை அடைத்தால் தண்ணி பக்கத்தில் பிய்த்துக்கொண்டு வரும். களிமண் உள்பக்கத்துக்கு. வெளியே தண்ணி வரணும், மண் வரக்கூடாது: முதலில் ஆற்றுமணல், மேலே சல்லி, அதற்கு மேல் கல். ஊற்றாகக் கொப்பளித்தால் சுற்றி மூட்டை வளையம். உள்ளே ஏறி நிற்கும் தண்ணியின் கனமே எதிரே அழுத்தும். மூட்டையில் மூன்றில் இரண்டு பங்குதான் மண். முட்டக் கட்டினால் உருண்டையாக நிற்கும், ஒன்றோடொன்று படியாது.

சாயங்காலமும் பிடித்தேன். தெளிவு.

ஜூலை 25
தெளிவு.

ஜூலை 27
உபரித் தண்ணி வெளியேறுகிற கலிங்கு வழிய ஒன்றேகால் அடி பாக்கி. கலிங்கு மேல் மூட்டை அடுக்கி 'ஒரு சாண் சேத்தித் தேக்கலாமுங்க' என்று குளத்துப் பாசன ஆயக்கட்டுக்காரர்கள் பேச்சு. கலிங்குக்கும் கரை உச்சிக்கும் நடுவே விட்ட உயரம் அலைக்காக விட்டது. இந்தக் காற்றில் அதில் கைவைப்பதா?

ஜூலை 28
சொம்பின் அடியில் விரலில் நெருடுகிற அளவு மண். மதகைத் திறந்து மட்டம் இறக்கணும். மணலும் சல்லியும் சொல்லியாச்சு. டிராக்டர் கரை மேல் ஏறக்கூடாது, கீழ்த்தடத்திலேயே