தனுஷ்கோடி இருந்தது உண்மை என்றால்

தனுஷ்கோடியில் ஒரு தபால் ஆபீஸ் இருந்தது. இது இன்றைக்கும் உண்மை. ஆனால் அதை உண்மையாக்குவது எது? கொஞ்ச நாளாக எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் ஊர் போனது. சர்ச் சுவர் இன்னும் நிற்கிறதே, அதுதான் சாட்சி என்பார்கள். உப்புக்காற்று அந்தச் சுவரையும் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. கடைசிக் கல்லும் விழுந்து, ஞாபகம் வைத்திருக்கும் கடைசி ஆளும் போன பிறகு "இருந்தது" என்பது பொய்யாகிவிடுமா? ஆகாது. அப்படியானால் அந்த உண்மையைத் தாங்குவது சுவரும் இல்லை, நம் ஞாபகமும் இல்லை.

உள்ளது அழியாது, இல்லாதது தோன்றாது என்கிறது சைவ சித்தாந்தம். கல்லுக்கும் மண்ணுக்கும் இது சரி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி கடலுக்குள் போய்விட்டது. பவளப்பாறையைச் சுண்ணாம்புக்காக வெட்டித் தீர்த்ததும் அதற்கு ஒரு காரணம். (அந்தக் கோபம் எனக்குத் தனியாக உண்டு.) தீவு போனாலும் அதன் மணல் தண்ணீருக்கு அடியில் கிடக்கும். ஆனால் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறப் போகிறவர்களிடம் என் அப்பத்தா இட்லி விற்ற காலைப்பொழுது? அது எந்த மண்ணாகத் திரும்பும்?

நிகழ்காலம் மட்டும்தான் உண்டு என்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ஒருவரை வைத்துப் பார்த்தால் மற்றவர் நகர்ந்துகொண்டிருக்கும் இரண்டு பேருக்கு, தூரத்தில் எது "இப்போது" நடக்கிறது என்பது ஒன்றாக இருக்காது என்று 1905-லேயே ஐன்ஸ்டைன் காட்டிவிட்டார். எல்லோருக்கும் பொதுவான "இப்போது" கிடையாது என்றால், அதை வைத்து எது உண்டு, எது இல்லை என்று எப்படிப் பிரிப்பது? தலைமன்னார் அக்கரையில் இருக்கிற மாதிரி 1964-உம் விலகித்தான் இருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

விசைப்படகு வைத்திருக்கும் மாமாவிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப அந்த ராத்திரியும் இருக்குல்ல? பாம்பன்ல இருந்து போயி அலையில அடிச்சிட்டுப் போன ரயிலும், அதுல இருந்த சனமும்?"

"இருக்கு மாமா." சொல்லும்போதே வயிற்றைப் பிசைந்தது. அப்பத்தாவின் காலையை வைத்துக்கொண்டு அந்த ராத்திரியை மட்டும் தள்ளிவிட முடியாதே.

கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "சரி, நாளைக்கு வரப்போற புயலும் இப்பவே இருக்கா?"

ஐன்ஸ்டைனைப் பிடித்துக்கொண்டால் அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நடந்ததை யாராலும் மாற்ற முடியாது. நாளைக்குப் படகை இறக்குவதா வேண்டாமா என்பது மாமா கையில்தான் இருக்கிறது என்று இன்னமும் நம்புகிறேன்.