மூடியைத் தள்ளிய மாவு

காலையில் அடுப்படிக்குப் போனால், மாவுப் பாத்திரத்தின் மூடி ஒருபக்கம் சாய்ந்து கிடக்கிறது.

மூன்று நாளாகக் கும்பகோணம் பக்கம் விடாத மழை. மாவு பொங்காது என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா ராத்திரியே பாத்திரத்தை அடுப்போரம் நகர்த்தி, அப்பாவின் பழைய வேட்டியைச் சுற்றி வைத்திருக்கிறார்.

கரண்டியை விட்டதும் 'புஸ்' என்று ஒரு சத்தம். உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக.

அந்தக் காற்று ஈஸ்டின் வேலை என்றே ரொம்ப நாள் நம்பியிருந்தேன். இல்லை, முக்கியமாக லியூகோநாஸ்டாக் என்ற லாக்டிக் அமில பாக்டீரியா. யாரும் வாங்கிப் போடுவதில்லை, உளுந்தோடு வந்துவிடுகிறது. கரியமில வாயுவை விட்டு மாவை உப்ப வைக்கிறது, அமிலத்தால் புளிக்க வைக்கிறது. குளிர்ந்தால் மந்தமாகிவிடும். அதற்குத்தான் வேட்டி.

இட்லி வேகும்போது அவை செத்துவிடும். இந்த மாதிரி பாக்டீரியா உயிரோடு வயிற்றுக்குப் போக வேண்டுமென்றால் தயிர், மோர், அப்புறம் அப்பா குடிக்கும் நீராகாரம்.

1908-ல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி மெச்னிகாஃப், பல்கேரியக் குடியானவர்களின் நீண்ட ஆயுளுக்கு அவர்கள் உண்ட தயிர் காரணமாக இருக்கலாம் என்று எண்ணினார். எங்கள் ஊர் நீராகாரத்தையும் அதே அக்கறையோடு நிறைய பேர் ஆராய வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

அப்பா சொம்பைக் கவிழ்த்துவிட்டுக் கிளம்பிவிட்டார். சம்பா வயலில் இன்னும் தண்ணீர் வடியவில்லையாம்.