கால் வீங்காதவரைத்தான் கவனிக்கணும்

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் வளர்ந்தவர்களுக்கு யானைக்கால் என்றதும் தெருவில் இருந்த யாரோ ஒரு பாட்டி ஞாபகத்துக்கு வருவார். அந்தப் பாட்டியைப் பார்த்து ஒதுங்குவார்கள். ஆனால் கால் அவ்வளவு வீங்கியவர்களின் ரத்தத்தில், இந்த நோயை உண்டாக்கும் ஃபைலேரியா புழுவின் குஞ்சே பெரும்பாலும் இருக்காது. நோயைப் பரப்புவது எந்தத் தொந்தரவும் இல்லாமல் வேலைக்குப் போய்வருகிற ஆள்தான். அவரைப் பகலில் சோதித்தாலும் பிடிபட மாட்டார். குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் ஒதுங்கிக்கொண்டு, கியூலெக்ஸ் கொசு கடிக்கிற ராத்திரியில்தான் வெளியே வரும். அப்போது விரலில் ஒரு சொட்டு எடுத்து ஈரம் காயாமல் மைக்ராஸ்கோப்பில் வைத்தால், சிவப்பணுக்களை இடித்துத் தள்ளியபடி சாட்டை மாதிரி நெளிவது தெரியும்.

சரி, இவ்வளவு புழு ஓடியும் உடம்பு ஏன் சும்மா இருக்கிறது? தாய்ப்புழு நிணநீர்க் குழாய்க்குள் வருஷக்கணக்கில் உயிரோடு இருந்து குஞ்சுகளாகப் பெற்றுத் தள்ளுகிறது.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பதில் பெரும்பங்கு நம்முடைய செல்களுக்கே. டி செல்கள் என்ற எதிர்ப்புச் சக்தி வெள்ளையணுக்களில் ஒரு வகையான, டி-ரெக் என்கிற ஒழுங்குபடுத்தும் டி செல்கள். எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்காமல் தடுப்பது இவற்றின் வேலை, இந்த ஆராய்ச்சிக்குத்தான் 2025 மருத்துவ நோபல். இவற்றை இயக்கும் ஃபாக்ஸ்பி3 மரபணு பழுதானால், பிறந்த குழந்தையின் குடலையும் கணையத்தையும் அதன் எதிர்ப்புச் சக்தியே தாக்கும். அந்தப் பாதுகாப்பைத்தான் புழு தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. டி-ரெக் செல்கள் ஐஎல்-10, டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைகளை விட்டு மற்ற டி செல்களை மந்தமாக்கும், அவை பெருகத் தேவையான ஐஎல்-2-ஐயும் இழுத்துக்கொள்ளும். ஐஎல்-10 வந்தால் ஆன்டிபாடி தயாரிக்கும் பி செல்களும் சண்டைக்கு அவ்வளவாக உதவாத ஐஜிஜி4 ஆன்டிபாடியின் பக்கம் திரும்பிவிடும். எலியின் குடலில் வாழும் ஒரு புழு இன்னும் பெரிய கில்லாடி, டிஜிஎஃப்-பீட்டாவின் வேலையை அப்படியே செய்கிற புரதத்தைத் தானே சுரந்து புது டி-ரெக் செல்களை உண்டாக்குகிறது.

கால் வீங்கியவர்களிடம் இந்த அடக்கம் தளர்ந்திருக்கும், எதிர்ப்பு மூர்க்கமாக இருக்கும். புழு போய்விடும், ஆனால் அந்த அழற்சியில் நிணநீர்க் குழாயும் கெட்டுவிடும். அப்புறம் டி-ரெக்கை முடக்கிவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஃபைலேரியா வகைப் புழு தொற்றிய எலிகளில் செய்து பார்த்தார்கள், புழுக்கள் செத்தன. மனிதரிடம் அது கத்தி மேல் நடப்பது, எனக்குத் துளியும் நம்பிக்கையில்லை.

ஆகவே மருந்து புழுவையே குறி வைக்கிறது, டிஇசி (டைஎத்தில்கார்பமசின்) மாத்திரையோடு அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை. குஞ்சுகள் கொத்தாகச் சாகும்போது காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம், ரத்தத்தில் புழு இருந்தவருக்குத்தான் அது அதிகம் வரும். நம்ம ஆட்களோ, "நல்லா இருந்தவனுக்கு மாத்திரை போட்டுத்தான் ஜுரம் வந்துச்சு" என்று அடுத்த வருஷ மாத்திரையை வாங்கி ஜன்னல் வழியே வீசுகிறார்கள். டிஇசி தாய்ப்புழுக்களை முழுசாகக் கொல்லாது, அதனால்தான் வருஷாவருஷம் கொடுப்பதே.