வளவுக்குள் ஒரு ரேடியோகிராம்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல, மரவைக்கும் எனாமல் தூக்குக்கும் நடுவுல கெடந்துச்சு இந்த ஜெர்மன் வால்வு ரேடியோகிராம். ரேடியோவும் இசைத்தட்டுப் பிளேயரும் ஒரே மரப்பெட்டிக்குள்ள இருக்கற சாமான்; வால்வுங்கறது டிரான்சிஸ்டருக்கு முந்தின கண்ணாடிக் குழல். "உள்ள இருக்கறத கழட்டிட்டா பாத்திரம் அடுக்கலாம் தம்பி"ன்னார் கடைக்காரர். அந்த ஒரு வார்த்தைக்காகவே தூக்கிட்டு வந்துட்டேன்.

ஸ்டீரியோ இசைத்தட்டு கடைக்கு வந்ததே 1958-லதான். இது ஸ்டீரியோ செட்டு; ஆக, அதுக்கப்புறம் பொறந்த சாமான். முழுத் தேக்குன்னு நெனச்சேன், மேல ஒட்டின வெனீர்தான், மெல்லிசு மரத்தகடு. சரி, விடுங்க.

வாங்கின அன்னிக்கே பிளக்கைச் சொருகிடாதீங்க. பழைய பேப்பர் கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கற உறுப்பு) கரண்ட்டைக் கசிய விடும். கசிவு, ஸ்பீக்கருக்குச் சத்தத்தைப் பெருக்கிக் குடுக்கற இஎல்84 வால்வோட கிரிட்டுக்கு (கரண்ட்டைக் கட்டுப்படுத்தற கம்பிவலை) போச்சுன்னா உள்ள இருக்கற தகடு செவந்து பழுத்துடும். வால்வு போறதோட டிரான்ஸ்பார்மரையும் இழுத்துட்டுப் போகும். அந்தக் கெபாசிட்டர் எல்லாத்தையும் மாத்திட்டு, 60 வாட்ஸ் குண்டு பல்பை கரண்ட் வர்ற வழியில சீரிஸ்ல (தொடரா) போட்டுத்தான் கரண்ட் குடுத்தேன். உள்ள ஷார்ட் இருந்தா பல்பு மங்காம எரியும். பளிச்சுன்னு எரிஞ்சு மங்குச்சு. அப்பாடா! (அணைச்ச பிறகும் உள்ள 250 வோல்ட் தங்கியிருக்கும், கைய விட்றாதீங்க.)

இடது ஸ்பீக்கர்ல மட்டும் இன்னும் இரைச்சல். அப்பத்தா வளவுல (வீட்டு நடு முற்றத்துல) உக்காந்துக்கிட்டு, "வண்டு பூந்துருச்சாடா?"ங்குது.