துபாயில் முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது

விசா வந்ததும் நம்ம ஊர்ப் பிள்ளைகள் கேட்பது சம்பளம், ரூம், சாப்பாடு, டிக்கெட். எந்த இன்சூரன்ஸ், எந்த ஆஸ்பத்திரியில் செல்லும் என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் லீவில் கீழக்கரை வந்த கையோடு இதை எழுதுகிறேன். அன்று கவுண்டரில் நின்ற நிலையை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எனக்கு வந்தது சிறுநீரகக் கல். விலாவுக்குக் கீழே பிடித்து அடிவயிறு வரை இறங்கும் வலி. உட்கார முடியாது, படுக்க முடியாது, வாந்தி வேறு. ஊரில் என்றால் தெருமுனை டாக்டரிடம் ஓர் ஊசி. கேட்கவில்லையா, காரைப் பிடித்து ராமநாதபுரம். அதற்கும் மேலே என்றால் மதுரை. எந்த வாசலிலும் பாலிசி நம்பர் கேட்டு நிறுத்தியதில்லை.

ரூமில் இருந்த தேவிபட்டினத்துக் காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) டாக்ஸி பிடித்து, பக்கத்தில் இருந்த பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அந்த நாட்டு அடையாள அட்டையான எமிரேட்ஸ் ஐடியை நீட்டினேன். துபாயில் தனி இன்சூரன்ஸ் கார்டு தேவையில்லை, ஐடி நம்பரைப் போட்டாலே பாலிசி தெரியும். ரிசப்ஷன் பெண் நம்பரைப் போட்டார். மறுபடி போட்டார். பிறகு திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார், பாலிசியே இல்லை. பணம் கட்டுகிறீர்களா என்று கேட்டதைத் தவிர வேறு பேச்சில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நான் குனிந்து நிற்க, எனக்குப் பின்னால் நின்றவரின் ஐடியைக் கை நீட்டி வாங்கிவிட்டார்.

காப்பாற்றியது அந்த வழியாக வந்த ஒரு மலையாளி நர்ஸ். என் முகத்தைப் பார்த்ததும், "இங்க ஏன் நிக்கிறீங்க? எமர்ஜென்சிக்குப் போங்க" என்று பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொல்லி, வீல்சேரில் உட்கார வைத்து அவரே தள்ளிக்கொண்டு போனார். இதை நினைவில் வையுங்கள். தாங்க முடியாத வலி, மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் அவுட்பேஷன்ட் கவுண்டரில் வரிசை நிற்காதீர்கள். நேரே எமர்ஜென்சி வாசல். நடக்கவே முடியாவிட்டால் 998, அங்கே ஆம்புலன்ஸ் நம்பர் அதுதான். நம்ம ஊர் 108-ஐ அங்கே அழுத்திப் பயனில்லை.

ஊசி போட்டார்கள், வலி அடங்கியது, பில்லைக் காக்காதான் கட்டினார்.

பாலிசி ஏன் தெரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. விசா வேலை நடக்கும்போதே பாஸ்போர்ட் நம்பரைக் கொடுத்துப் பாலிசி எடுத்திருக்கிறார்கள். ஐடி கைக்கு வந்த பிறகு அந்த நம்பரை இன்சூரன்ஸுக்கு அனுப்ப வேண்டியது கம்பெனி வேலை. அனுப்பவே இல்லை. போதாததற்கு, என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வாப்பா பெயர். ஐடி காப்பியை எச்.ஆருக்கு அனுப்பி, விடாமல் போன் போட்டு, என் கண்முன்னே மெயில் அனுப்ப வைத்தேன். திருத்தம் உடனே ஏறிவிட்டது. இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யாததால் நான் அங்கே துடித்துக்கொண்டு நின்றேன்.

அதே எச்.ஆர் ஆள்தான், "இனி எங்கே வேண்டுமானாலும் போகலாம்" என்றும் சொன்னார். நம்பி நேரே சிறுநீரக டாக்டரிடம் போனேன், திரும்பி வந்ததுதான் மிச்சம். ஒரு நாள் சம்பளம் போச்சு, டாக்ஸிக் காசும் போச்சு. மாதம் 4,000 திர்ஹத்துக்குக் கீழே வாங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் எடுப்பது அடிப்படை பாலிசி. அதில் முதலில் நெட்வொர்க்கில், அதாவது அந்த இன்சூரன்ஸ் செல்லும் பட்டியலில் உள்ள கிளினிக்கில் பொது மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் ரெஃபரல் எழுதிக் கொடுத்தால்தான் ஸ்பெஷலிஸ்ட். சி.டி. ஸ்கேன் போன்ற பெரிய செலவுக்கு முன் இன்சூரன்ஸிலிருந்து அப்ரூவல் வேறு வர வேண்டும். பில்லில் பொதுவாக 20 சதவீதம் நம் கையிலிருந்து போகும். நெட்வொர்க் பட்டியலை வாங்கி, ரூமுக்கு அருகில் உள்ள கிளினிக் ஒன்றையும் ஆஸ்பத்திரி ஒன்றையும் குறித்து வையுங்கள். பிரீமியம் என்று சொல்லிச் சம்பளத்தில் பிடித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். துபாய் சட்டப்படி தொழிலாளியின் இன்சூரன்ஸ் செலவு முதலாளியுடையது.

ரெஃபரலோடு போனதும் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கல் சிறியது, மாத்திரையிலும் தண்ணீரிலும் இறங்கிவிட்டது. வெயிலில் நிற்கும் வேலை என்றால் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் குடியுங்கள் என்றார் டாக்டர்.

காக்கா கட்டிய பணத்தைத் திரும்ப வாங்கியதுதான் பெரிய போராட்டம். கிளெய்ம் ஃபார்மில் டாக்டர் சீல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சீலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் லீவு, நாளைக்கு வா என்கிறார் கிளார்க். நான் நகரவில்லை. மேனேஜரைக் கூப்பிடுங்கள் என்று நின்றேன். உள்ளே போய் இன்னொரு டாக்டரிடம் சீல் வாங்கி வந்தார்கள். பணம் கணக்கில் ஏறிய அன்று காக்கா கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நிம்மதி சாதாரணமானதில்லை. நீங்கள் எமர்ஜென்சியிலிருந்து வெளியே வருமுன்பே கேட்டு வாங்க வேண்டியவை: ஒவ்வொரு செலவும் தனித்தனியாக எழுதிய பில், பணம் கட்டிய ரசீது, சீலோடு மெடிக்கல் ரிப்போர்ட். ஸ்கேன் எடுத்தால் அது பதிந்த டிஸ்க்கையும் கேளுங்கள். என் டிஸ்க்கைப் பார்த்ததால்தான் ராமநாதபுரம் டாக்டர் மறுபடி சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை.

சிக் லீவு பேப்பரை மறக்காதீர்கள். நோய் வந்தால் 3 வேலை நாளுக்குள் கம்பெனிக்குச் சொல்லி மெடிக்கல் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். சோதனைக் காலம் முடிந்தவர்களுக்கு வருடத்துக்கு 90 நாள் வரை உண்டு: முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மீதி சம்பளமில்லாமல். எனக்கு முதலில் சம்பளத்தைப் பிடித்துவிட்டார்கள். பேப்பரைக் காட்டியதும் அடுத்த மாதம் சேர்த்துப் போட்டார்கள்.

இன்னொன்று, இதில் பயமே இருக்கிறது. நம்ம ஊரிலிருந்து ஒருவர் கிளம்பினால் பத்து வீட்டுப் பார்சல் வரும். தொதல் கொண்டுபோங்கள், கருவாடு கொண்டுபோங்கள். மருந்து மட்டும் அடுத்தவருக்காக வாங்காதீர்கள். டிரமடால் சேர்ந்த வலி மாத்திரை, கோடீன் சேர்ந்த இருமல் மருந்து எல்லாம் அங்கே கட்டுப்பாட்டில் உள்ளவை. முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோய் மாட்டினால் வழக்கு, சிறை வரை போகும். சொந்த மருந்தையும் டாக்டர் சீட்டோடு, கடை அட்டையைப் பிரிக்காமல் வையுங்கள். கல்லுக்கு நல்லது என்று உம்மா காயவைத்த சிறுபீளையைப் பொட்டலம் கட்டித் தந்தார்கள். பெயரில்லாத காய்ந்த தழையை ஏர்போர்ட்டில் விளக்கிக்கொண்டு நிற்க முடியாது என்று சொல்லி, இங்கே இருக்கும்வரை கஷாயம் வைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெருப் பையன் ஒருவன் அடுத்த வாரம் கிளம்புகிறான். ஐடி வந்த அன்றே பக்கத்துக் கிளினிக்குக்குப் போய், நோய் இல்லாவிட்டாலும் நம்பரைப் போட்டுப் பார்க்கச் சொல், திரையில் உன் பெயர் வருகிறதா என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் போடு என்று சொல்லியிருக்கிறேன்.