68 ரெஃபரன்ஸ்

மேனுஸ்கிரிப்டை அனுப்பிய மூன்றாம் நாளே இதழிலிருந்து மெயில் வந்தது. இவ்வளவு சீக்கிரமா என்று ஆசையாகத் திறந்தால், பேப்பர் அதை மதிப்பிடும் ரிவியூவர் கைக்கே போயிருக்கவில்லை. டெக்னிக்கல் செக்கிலேயே நிறுத்தித் திருப்பியிருந்தார்கள். ரெஃபரன்ஸ்கள் எங்கள் பாணியில் இல்லை, சரிசெய்து மறுபடி அனுப்புங்கள், அவ்வளவுதான்.

நான் டாக்கிங் ஆள். மூலிகைகளில் இருக்கும் சேர்மங்கள் ஒரு நொதியில் எந்தப் பள்ளத்தில் போய் உட்காருகின்றன என்று கணினியில் பார்ப்பது என் வேலை. இந்தப் பேப்பர் முதலில் வேறொரு இதழுக்குப் போய்த் திரும்பி வந்தது. அங்கே ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடும் முறை. புதிய இதழில் வான்கூவர் பாணி, அதாவது வரும் வரிசைப்படி 1, 2, 3 என்று எண். 1978-இல் மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவரில் கூடிப் பேசியதில் பிறந்தது; ஊர்ப் பெயரே பாணியின் பெயராக நின்றுவிட்டது. அந்தக் கூட்டத்தை அன்றிரவு மனதாரத் திட்டினேன். ஏனென்றால் 68 ரெஃபரன்ஸையும் கையால் தட்டி வைத்திருந்தேன்.

கையாலேயே மாற்றவும் உட்கார்ந்தேன். இரண்டு நாளில் ஐம்பதைத் தாண்டிவிட்டேன். அப்போது கைடு கூப்பிட்டு, “முன்னுரையில ரெண்டாவது பாராவுல ஒரு பேப்பர் சேர்த்துடுப்பா” என்றார். ஐந்தாவதாக ஒன்று நுழைந்தால் அதற்குப் பின்னால் எல்லாமே ஓர் எண் தள்ளிப் போக வேண்டும். அட்டவணைக்குள் இருக்கிற எண்களும், படத்துக்குக் கீழே இருக்கிற எண்களும் சேர்த்துத்தான். சரி சார் என்று சொல்லிவிட்டு லேபுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து மேசை சீனியர் அக்கா எட்டிப் பார்த்தார். “இதையெல்லாம் இன்னும் கையாலயா பண்றே தம்பி?” அன்றைக்கே ஸோட்டெரோவை ஏற்றிக் கொடுத்தார். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. ஒவ்வொரு பேப்பருக்கும் தனியாக இருக்கும் அடையாளக் குறியான டிஓஐ எண்ணைக் கொடுத்தால் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு எல்லாவற்றையும் தானே இழுத்து வந்து நிரப்பும். வேர்டில் ஒரு செருகுநிரல் உட்கார்ந்துகொண்டு எண்களைப் பார்த்துக்கொள்ளும். 68-ஐயும், சிலவற்றைப் பழைய பட்டியலில் இருந்தபடியே, உள்ளே ஏற்ற ஒரு பகல் போயிற்று. பாணியை மாற்றச் சில நொடிதான். கைடு சொன்ன பேப்பரை ஐந்தாவதாகச் சேர்த்தேன். பின்னால் இருந்ததெல்லாம் தானாக நகர்ந்து வழிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் கேண்டீன் போய் இரண்டு டீ குடித்தேன்.

திரும்பி வந்தால் அக்கா பட்டியலைப் பிரிண்ட் எடுத்து சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டிருந்தார். “அது இலைதான் போடும். சாப்பாடு நீதான் வைக்கணும்” என்றார்.

சுழித்திருந்த இடங்களைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு வேலை மிச்சம் என்று தெரிந்தது. நான் டாக்கிங்குக்குப் பயன்படுத்திய ஆட்டோடாக் வினா என்ற மென்பொருளின் பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் வந்தது 2009, இதழின் 31-ஆம் தொகுதியில் அச்சானது 2010. பட்டியலில் ஆண்டு ஒன்றும் தொகுதி இன்னொன்றுமாக, என் பழைய தட்டச்சு அப்படியே நின்றது. தொகுதியும் பக்கமும் கொடுத்தால் அந்தத் தொகுதியின் ஆண்டைத்தான் கொடுக்க வேண்டும். ஒரு சேர்மம் உடலுக்குள் எப்படி நடந்துகொள்ளும் என்று கணிக்கும் ஸ்விஸ்ஏடிஎம்இ கருவியின் பேப்பர் 2017-இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்தது. அதற்கு வழக்கமான பக்க எண் கிடையாது. 42717 என்ற கட்டுரை எண்தான் அந்த இடத்தில் வர வேண்டும். என் பதிவில் அந்த இடம் காலி. புரதங்களின் வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கும் புரோட்டீன் டேட்டா பேங்க் பற்றிய 2000-ஆம் ஆண்டுப் பேப்பருக்கு எட்டு ஆசிரியர்கள். இதழ் கேட்டது ஆறு பெயர், பிறகு ‘எட் ஆல்’, அதாவது ‘மற்றும் பலர்’. இதை மென்பொருளே சரியாகச் செய்திருந்தது. ஆனால் இன்னொரு பேப்பரில் ‘எட் ஆல்’ என்பதையே ஓர் ஆசிரியர் பெயராக நான் தட்டி வைத்திருந்தேன். பாவம், அதையும் ஒரு மனிதராக மதித்து அச்சிட்டிருந்தது.

தாவரப் பெயர்கள் எதுவும் சாய்வெழுத்தில் இல்லை. தலைப்புக்குள் அந்தப் பெயரின் முன்னும் பின்னும் குறி போட்டால்தான் சாய்கிறது. இதழ்ப் பெயர்கள் பாதி முழுதாக, பாதி சுருக்கமாக. ‘நேச்சர்’ மாதிரி ஒற்றைச் சொல் பெயரைச் சுருக்கக் கூடாது என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும்.

புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் இல்லாமல் எங்கள் துறையில் பேப்பர் ஏது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963-இல் எழுதிய ஐந்தே பக்கம், 95 முதல் 99 வரை. அதன் டிஓஐக்கு உள்ளேயே அடைப்புக்குறி இருப்பதால் நான் ஒட்டிய இணைப்பு பாதியில் அறுந்துகிடந்தது. பெயர்கள் மட்டும் பிழையில்லாமல் வந்திருந்தன. இனிஷியலை இனிஷியலாகவே விட்டுவைத்ததன் நன்மை. என் கதை வேறு. முதல் கருத்தரங்கப் பேப்பரில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயரைக் கொடுத்தேன். குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர். அந்தப் பேப்பரை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லோரும் அப்பாவைத்தான் காட்டுகிறார்கள். எல்லோரும் என்றால் நான்கு பேர், அதில் ஒருவன் நான்.

இதெல்லாம் புள்ளி, கமா சமாச்சாரம். 41-ஆவது எண்ணில்தான் வயிற்றைக் கலக்கியது. ஒரு சேர்மம் எங்கள் நொதியைத் தடுக்கிறது என்று எழுதி அந்த எண்ணைப் போட்டிருந்தேன். பக்க எண் சரிபார்க்கத்தான் பேப்பரைத் திறந்தேன். தடுப்பு பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. இலையில் அந்தச் சேர்மம் இருக்கிறது, அதைப் பிரித்தெடுத்தோம், அவ்வளவுதான். மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ஏதோ ஒரு ரிவியூ கட்டுரையில் பார்த்த வாக்கியத்தை, மூலத்தைப் படிக்காமல், எண்ணோடு சேர்த்துத் தூக்கி வந்திருக்கிறேன். அதன் பிறகு பக்க எண்ணை விட்டுவிட்டு ஒவ்வொரு பேப்பரையும் திறந்து, நான் எழுதியதைத்தான் அது சொல்கிறதா என்று பார்த்தேன். பதினொரு நாள் ஆயிற்று. இன்னும் இரண்டு அப்படி மாட்டின. வெளியான பிறகு நம்ப முடியாதது என்று திரும்பப் பெறப்பட்ட பேப்பர் ஒன்றும் இருந்தது. ஸோட்டெரோ அதன் மேல் சிவப்புப் பட்டை போட்டு முதல் நாளிலிருந்தே எச்சரித்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. அதை நம்பி எழுதிய ஒரு பாராவை முழுசாக வெட்ட வேண்டியிருந்தது. கைடிடம் சொல்லப் பயமாக இருந்தது. அவர் கேட்டுவிட்டு, “மத்த பேப்பரையும் பார்த்துட்டியா?” என்று மட்டும் கேட்டார்.

65 ரெஃபரன்ஸோடு மறுபடி போனது. டெக்னிக்கல் செக் தாண்டியது. ரிவியூவர்கள் இரண்டு சுற்று கேள்வி கேட்டார்கள், ரெஃபரன்ஸ் பற்றி ஒன்றும் இல்லை. கடைசியில் புரூஃப் வந்தபோது ஓரத்தில் ஒரே ஒரு வினா: மூலக்கூறுகளின் அசைவைக் கணினியில் பார்க்கும் குரோமாக்ஸ் மென்பொருளின் பேப்பருக்குத் தொகுதி 1–2 என்று இருக்கிறதே, ஒன்றா, இரண்டா? சாஃப்ட்வேர்எக்ஸ் இதழ் 2015-இல் முதல் இரண்டு தொகுதிகளையும் சேர்த்தே போட்டது. பேப்பரைத் திறந்து, முதல் பக்கத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, “இரண்டும்தான், அப்படியே விடுங்கள்” என்று பதில் எழுதினேன்.